குந்தி நிற்கும் கார்களுக்காக ஒரு மடல்

திருகோணமலை மாவட்டத்தில் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களை வாங்கிச் சீராக்கி ஓடும் தம்பி, தங்கைமாருக்கும், அவற்றின் அடியில் படுத்து வேலை செய்யும் கராஜ் பிள்ளைகளுக்கும், ஸ்பிரிங் பட்டறை நடத்தும் என் தொழில் தோழர்களுக்கும்,



பாலையூற்றில் என் பட்டறையைக் கடந்து கண்டி வீதியால் உங்கள் கார்கள் போகும்போது வேலையை விட்டுவிட்டு வாசலுக்கு வந்து பார்ப்பேன். எம்ஜிபி, ஸ்பிட்ஃபயர், எப்போதாவது ஒரு மிட்ஜெட். பெயின்ற் மினுங்கும். பம்பரில் வெயில் தெறிக்கும். ஆனால் பின்பக்கம் குந்திக்கொண்டு போகும். மட்காட் விளிம்பு ரயரை முட்டுகிற அளவுக்கு இறங்கியிருக்கும். இன்னும் சில கார்கள் நேரெதிர்: பின்பக்கம் எழும்பி, மூக்கு நிலத்தை மோந்துகொண்டு போகும். முதலாவது வகையைப் பார்த்தால் எனக்குக் கவலை. இரண்டாவது வகையைப் பார்த்தால் பயம். இறங்கியது வயதால் வந்தது. எழும்பியது நம் தொழிலாளர் கையால் வந்தது. அதனால்தான் உங்கள் எல்லோரையும் ஒன்றாகக் கூப்பிட்டு எழுதுகிறேன்.

என் பேச்சு முழுவதும் ஒரே விடயத்தில் நிற்கிறது. இறங்கிப்போன ஸ்பிரிங் பலம் குறைந்த ஸ்பிரிங் என்று நாங்கள் எல்லோரும் நினைக்கிறோம். அது பிழை. அதன் வளைவுதான் போயிருக்கிறது. பலம் அப்படியே இருக்கிறது. இரும்பின் விறைப்பு வயதால் குறைவதில்லை. 1965இல் தொழிற்சாலையை விட்டு வந்த பிளேட், இன்று இரண்டு அங்குலம் தட்டையாகிப் போனாலும், ஒரே பாரத்துக்கு அன்று எவ்வளவு அசைந்ததோ அவ்வளவுதான் இன்றும் அசையும். நம்பிக்கை வராவிட்டால் நீங்களே செய்து பாருங்கள். சில்லின் நடுவிலிருந்து மட்காட் விளிம்பு வரை அளந்து எழுதுங்கள். டிக்கியில் ஒரு சீமெந்துப் பை வையுங்கள், 50 கிலோ. மறுபடி அளவுங்கள். ஸ்பிரிங்கை வளைத்துத் திரும்பப் பூட்டிய பிறகு அதே பையை அதே இடத்தில் வைத்து அளவுங்கள். காரின் உயரம் மாறியிருக்கும். பைக்காக இறங்கிய தூரம் ஏறத்தாழ அதேயாக இருக்கும்.

இதை விளங்கிக்கொண்டால் மற்ற எல்லாம் தானாக வரும். போனது வளைவு என்றால் திருப்பிக் கொடுக்கவேண்டியதும் வளைவு. அதற்குப் பதிலாக நம் ஊரில் என்ன செய்கிறோம்? லொறிப் பட்டறையில் கிடக்கும் ஒரு பழைய பிளேட்டை அளவுக்கு வெட்டி நடுவில் செருகுகிறோம். கார் எழும்பிவிடும், உண்மைதான். ஆனால் பிளேட்டின் விறைப்பு அதன் தடிப்பின் மும்மடிப் பெருக்கத்தில் போகிறது. ஐந்தரை மில்லிமீற்றர்ப் பிளேட்டுகளுக்கு நடுவே எட்டு மில்லிமீற்றர்ப் பிளேட் ஒன்றைச் செருகினால், ஒரே அகலத்திலும் நீளத்திலும் அந்த ஒரு பிளேட் மட்டும் மூன்று பழைய பிளேட்டுகளுக்குச் சமன். ஐந்து பிளேட் ஸ்பிரிங் எட்டுப் பிளேட் ஸ்பிரிங்காக மாறிவிடுகிறது. பிறகு குழியில் விழும்போது பின்சில்லு நிலத்தை விட்டுத் துள்ளுகிறது. மழை ஈரத்தில் வளைவு எடுத்தால் பின்பக்கம் விலகுகிறது. அந்தக் காருக்கென்று தொழிற்சாலை முன்னுக்கும் பின்னுக்கும் சேர்த்துக் கணக்குப் பார்த்த ஸ்பிரிங் அது. பின்பக்கத்தை மட்டும் லொறியாக்கினால் அது முன்பக்கத்தோடு ஒத்துப் போகாது.

இன்னொரு வழக்கம், ஸ்பிரிங்கின் பின்முனையைக் காரோடு கோக்கும் ஷெக்கிளை நீட்டுவது. ஷெக்கிள் பின்முனையை மட்டும்தான் இறக்குகிறது. முன்முனை இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஆகவே இரண்டு அங்குலம் நீட்டினால் அக்ஸில் இருக்கும் இடத்தில் கிடைப்பது ஏறத்தாழ ஓர் அங்குலம். அதற்குக் கொடுக்கும் விலை பெரியது. ஸ்பிரிங் சரிந்து நிற்பதால் அக்ஸிலும் திரும்புகிறது. டிபரன்ஷலின் மூக்கு மேலே போகிறது. புரொபெலர் சாஃப்ற்றின் மூட்டுக் கோணம் கெடுகிறது. பிறகு கியர்பொக்ஸ் அதிருது, பெயாரிங் முனகுது என்று அவற்றைக் கழற்றிப் பார்க்கிறோம். நீண்ட ஷெக்கிள் பக்கவாட்டிலும் ஆடும். வளைவில் பின்பக்கம் ஒரு கணம் பிந்தித் திரும்புவதுபோல இருக்கும்.

வான்களில் ஸ்பிரிங்குக்கும் அக்ஸிலுக்கும் நடுவே இரும்புக் கட்டை வைத்து உயர்த்திப் பழகியவர்கள் எம்ஜிபிக்கும் அதையே செய்யப் பார்க்கிறார்கள். அந்த வான்களில் ஸ்பிரிங் அக்ஸிலுக்கு மேலே இருக்கிறது. எம்ஜிபியிலும் மொரிஸ் மைனரிலும் அக்ஸில்தான் ஸ்பிரிங்குக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. நடுவே கட்டை வைத்தால் கார் இன்னும் கீழே போகும். யூ போல்ட்டைக் கழற்ற முன்னமே கீழே குனிந்து எது மேலே, எது கீழே என்று பாருங்கள்.

காற்று அடிக்கும் ஷொக் அப்சோபர் போடுவதும் இப்போது வந்திருக்கிறது. ஷொக் அப்சோபர் காரைத் தாங்குகிற பொருள் அல்ல. ஆட்டத்தை அடக்குவதுதான் அதன் வேலை. காரின் பாரம் இவ்வளவு காலமும் ஸ்பிரிங் மாட்டும் இரண்டு முனைகளில் இறங்கியது. அந்த இடத்தில் தகடு தடிப்பாக, பெட்டிபோலக் கட்டியிருக்கும். ஷொக் மாட்டும் இடத்தில் அப்படியில்லை. அங்கே பாரத்தைப் போட்டால் முதலில் வெடிப்பு, பிறகு கிழிசல். எம்ஜிபியில் இருப்பது ஆம்ஸ்ரோங் நிறுவனத்தின் கையுள்ள எண்ணெய் ஷொக். எண்ணெய் ஒழுகினால் எண்ணெய் விடுங்கள், தேய்ந்திருந்தால் திருத்துங்கள். கார் இறங்கினதற்கு மட்டும் அதைக் குற்றம் சொல்லாதீர்கள். அது புதிதாக இருந்தாலும் கார் அதே உயரத்தில்தான் நிற்கும்.

ஸ்பிட்ஃபயர் வைத்திருப்பவர்கள் இந்தப் பந்தியைக் கட்டாயம் வாசிக்கவேண்டும், ஏனென்றால் உங்கள் கார் வேறு சாதி. எம்ஜிபியில் இடப்பக்கம் ஒரு ஸ்பிரிங், வலப்பக்கம் ஒரு ஸ்பிரிங், நடுவே ஒரே அக்ஸில். 1962இல் வந்த ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயருக்கு, அதன் தாயான 1959ஆம் ஆண்டு ஹெரால்டைப்போல, பின்னால் குறுக்காக ஒரே ஒரு ஸ்பிரிங். அது டிபரன்ஷலின் தலையில் இறுக்கப்பட்டு, இரு முனைகளும் இரு சில்லுகளைப் பிடித்திருக்கும். சில்லைச் சுமக்கும் அரை அக்ஸில் டிபரன்ஷல் ஓரத்தில் மூட்டு வைத்து மேலும் கீழுமாக அசையும். ஆகவே உயரம் மாறினால் சில்லின் சாய்வும் மாறும். ஸ்பிரிங் இறங்கினால் இரு பின்சில்லுகளின் தலையும் உள்ளே சாய்ந்து, ரயரின் உள்விளிம்பு தேயும். பார்க்க வடிவில்லை, ஆனால் ஓடலாம். அதையே அளவுக்கு மீறி உயர்த்தினால் சில்லின் தலை வெளியே சாய்ந்துவிடும். அப்படியான காரை வளைவில் வேகமாகத் திருப்பி, நடுவில் பயந்து அக்ஸிலரேற்றரை விட்டால், வெளிப்பக்கப் பின்சில்லு காருக்கு அடியில் மடிந்து பின்பக்கம் மேலே எழும்பும். கார் கவிழக்கூட இடமுண்டு. குந்தி நிற்கிற ஸ்பிட்ஃபயரைவிடத் தூக்கி நிற்கிற ஸ்பிட்ஃபயர் ஆபத்தானது. இந்தத் தொல்லையைக் குறைக்கத்தான் 1970இல் வந்த நான்காம் பதிப்பில் ஸ்பிரிங் இறுக்கும் முறையையே மாற்றினார்கள். ஒரு பிளேட்டை மட்டும் இறுக்கி மற்றவற்றை நடுவில் அசைய விட்டார்கள். அந்த ஸ்பிரிங்கைப் பழைய பதிப்புக்குப் பூட்டியோ பழையதை அதற்குப் பூட்டியோ பரிசோதனை செய்யாதீர்கள்.

இந்தக் குறுக்கு ஸ்பிரிங் தமிழர்களுக்குப் புதிதல்ல. சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூரில் ஸ்ராண்டர்ட் மோட்டார் நிறுவனம் 1961 முதல் ஹெரால்டைச் செய்து விற்றது. எத்தனையோ தமிழ்நாட்டு மெக்கானிக்மார் அதைத் தூக்கிப் பழகினார்கள். ஆனால் அந்த மண்ணின் ரோட்டுக்கும் பாரத்துக்கும் அது ஒத்துவரவில்லை என்ற குறை தொடர்ந்து இருந்தது. 1972இல் அதே காரிலிருந்து கெஸல் என்ற காரைக் கொண்டுவந்தபோது அசையும் அரை அக்ஸிலை எடுத்துவிட்டுச் சாதாரண ஒற்றை அக்ஸிலைப் போட்டார்கள். நிறுவனமே வரைபடம் போட்டு, அளந்து, முழுப் பின்பக்கத்தையும் மாற்றியது. யாரும் பிளேட் செருகி ஒப்பேற்றவில்லை. பின்பக்கத்தை மாற்றவேண்டுமென்றால் முழுவதாக மாற்று, இல்லாவிட்டால் இருந்தபடி திருத்து என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல சாட்சி அது.

இனி அளக்கிற வேலை. நம் கராஜ்களில் அளவுநாடாவை எடுப்பதே இல்லை. கண்ணால் பார்த்து, "வலப்பக்கம் இறங்கிட்டுது, ஸ்பிரிங் போச்சு" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். முதலில் நிலம் மட்டமா என்று பாருங்கள். மேசன்மார் பாவிக்கும் தண்ணீர் மட்டக்குழாய் போதும். நாலு ரயரிலும் காற்று ஒரே அளவா என்று பாருங்கள். டிக்கியை வெறுமையாக்குங்கள். பெற்றோல் தாங்கி எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று எழுதுங்கள். எம்ஜிபியின் தாங்கி பின்னாலேயே இருக்கிறது, முழுக்க நிரப்பினால் ஏறத்தாழ 40 கிலோ. காரை நாலு தரம் அமுக்கிவிட்டு, கொஞ்சத் தூரம் முன்னுக்கும் பின்னுக்கும் தள்ளி நிறுத்துங்கள். ஜக்கில் இருந்து இறக்கின கையோடு அளந்தால் அளவு பொய் சொல்லும். பிறகு நாலு மூலையிலும் சில்லின் நடுவிலிருந்து மட்காட் விளிம்பு வரை அளவுங்கள். நிலத்திலிருந்து அளந்தால் ரயரின் உயரமும் சேர்ந்து குழப்பும்.

பின்பக்கம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் உடனே பின் ஸ்பிரிங்கில் கை வைக்காதீர்கள். முன்பக்கத்தை நடுவில், குறுக்குச் சட்டத்தில், ஒரே ஜக்கினால் முன்சில்லுகள் நிலத்தை விட்டு எழும்பும்வரை உயர்த்துங்கள். இப்போது பின்பக்கம் மட்டமாக வந்தால் குற்றவாளி முன் ஸ்பிரிங். பின்னும் சாய்ந்தே நின்றால் பின்பக்கம். பின் ஸ்பிரிங் என்றால் இடத்தை வலத்துக்கும் வலத்தை இடத்துக்கும் மாற்றிப் பூட்டிப் பாருங்கள். சாய்வும் பக்கம் மாறினால் ஸ்பிரிங், மாறாவிட்டால் காரின் பொடி (உடல்). நம் நாட்டில் சாரதி வலப்பக்கம் தனியே இருந்து ஓடுவதால் பெரும்பாலும் வலப்பக்கம்தான் முதலில் இறங்கும். அரை அங்குல வித்தியாசத்துக்காக ஸ்பிரிங்கைக் கழற்றச் சொல்லமாட்டேன். அந்தக் கார்கள் புதிதாக வந்தபோதும் நாலு மூலையும் மயிரிழை பிசகாமல் இருந்ததில்லை.

பொடி என்று சொன்னேன். நம் ஊருக்கு முக்கியமான பகுதி இதுதான். மன்னிக்கவேண்டும், கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். உப்புவெளி, நிலாவெளி, திருகடலூர், கிண்ணியா என்று எங்கே கார் நிறுத்தினாலும் கடல்காற்றில் இருந்து தப்பமுடியாது. ஐப்பசி தொடங்கித் தை வரை வடகிழக்குப் பருவமழை. மழை விட்டாலும் உப்பு ஈரம் விடாது. எம்ஜிபிக்கும் மிட்ஜெட்டுக்கும் தனியான சட்டகம் இல்லை. தகட்டுப் பெட்டிகளே சட்டகம். ஸ்பிரிங்கின் முன்முனை மாட்டும் பெட்டியும், பின் ஷெக்கிள் மாட்டும் இடமும், கதவுக்குக் கீழே ஓடும் சில் பெட்டியும் உள்ளிருந்து துருப்பிடிக்கும். வெளியே பெயின்ற் மினுங்கும், உள்ளே தகடு பொருக்காக உதிரும். 1964க்கு முந்தைய மிட்ஜெட், ஸ்பிரைட் கார்களில் கால்வட்ட ஸ்பிரிங். அதன் தடித்த முனை முழுவதும் ஒரு தகட்டுப் பெட்டிக்குள் செருகி இறுக்கப்பட்டிருக்கும். காரின் பின்பாரம் முழுவதும் அந்தப் பெட்டியில்தான். அது துருப்பிடித்துத் திருகினால் கார் குந்தும். அங்கே புது ஸ்பிரிங் போட்டாலும், பாரம் அந்தத் துருத் தகட்டைப் பிய்த்துக்கொண்டு வரும்.

ஆகவே எந்த ஸ்பிரிங் வேலைக்கும் முன்னம் ஒரு கூர்மையான ஊசிக் கம்பியால் அந்தப் பெட்டிகளைக் குத்திப் பாருங்கள். கூரை மடிக்கும் கார் என்றால் இன்னொரு சோதனை: கதவின் மேல் இடைவெளியையும் கீழ் இடைவெளியையும் அளந்துவிட்டு, காரைப் பின்பக்கம் ஜக் வைத்து உயர்த்தும்போது கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். இடைவெளி மாறினாலோ கதவு இறுகினாலோ சில் பெட்டி போய்விட்டது. கார் நடுவில் மடிகிறது. அந்தக் காருக்கு முதல் வேலை வெல்டிங், ஸ்பிரிங் அதற்குப் பிறகு. கூரையுள்ள கார்களில் இதைக் கண்டுபிடிப்பது கஷ்டம், கூரையும் பாரத்தில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்ளும்.

உப்பு பிளேட்டுகளுக்கு நடுவிலும் வேலை செய்கிறது. துரு ஏறிய பிளேட்டுகள் ஒன்றோடொன்று வழுக்காமல் பிடித்துக்கொள்ளும். அப்போது கார் எந்த உயரத்தில் நின்றதோ அந்த உயரத்திலேயே விறைத்து நிற்கும். அளவு எடுத்தாலும் ஒவ்வொரு தரமும் வேறு இலக்கம் வரும். கழற்றி, கம்பித் தூரிகையால் தேய்த்து, கிரபைற் கிறீஸ் பூசி அடுக்கினால் சில கார்கள் அதோடு திருந்திவிடுவதையும் கண்டிருக்கிறேன். பழைய என்ஜின் ஒயிலை மட்டும் ஊற்றாதீர்கள். அது வழிந்து ரப்பர் புஷ்ஷில் ஏறி, ரப்பரை ஊதவைத்துத் தின்றுவிடும்.

இனி ஸ்பிரிங் பட்டறைக்காரரோடு பேசவேண்டும். அண்ணைமாரே, காஸ் டோர்ச்சைக் கீழே வையுங்கள். பிளேட்டின் நடுவைச் சிவக்கச் சூடாக்கி வளைப்பதால் வளைவு நொடியில் வரும். ஆனால் சூடு பட்ட இடத்தில் உருக்கின் பதம் போய்விடும். ஸ்பிரிங் உருக்கை 850 பாகை செல்சியசுக்கு மேல் சீராகச் சூடாக்கி, எண்ணெயில் தோய்த்து, பிறகு 450, 500 பாகை அளவில் மறுபடி சூடாக்கிப் பதம் ஏற்றுவார்கள். முழுப் பிளேட்டையும் அப்படிச் செய்ய உலை உள்ளவர் செய்யட்டும். உலை இல்லாதவர் குளிர வளைக்கவேண்டும். திருகோணமலைக்குப் பட்டறைத் தொழில் புதிதல்ல. 1957இல் பிரித்தானியக் கடற்படை போகும்வரை துறைமுகத் தளத்தின் பட்டறைகளில் நம் ஊரவர் பலர் அளவுகோலும் கையுமாக வேலை செய்தார்கள். அந்த ஒழுங்கு நமக்குத் தெரியாததல்ல.

குளிர வளைக்கும்போது ஒரே இடத்தில் அமுக்காதீர்கள். பிளேட்டின் நீளம் முழுவதும் இரண்டு இரண்டு அங்குலமாக நகர்த்தி, கொஞ்சம் கொஞ்சமாக அமுக்குங்கள். சுத்தியலைவிட அமுக்கு இயந்திரம் நல்லது. எம்ஜிபி ஸ்பிரிங்கில் பிளேட்டின் குழிந்த பக்கம் மேலே இருக்கும். பாரம் ஏறும்போது அந்தப் பக்கம்தான் இழுபடும். அங்கே சுத்தியல் கூர் பதிந்த தழும்பு இருந்தால் வெடிப்பு அதிலிருந்துதான் தொடங்கும். தாய்ப் பிளேட்டை மட்டும் வளைத்துவிட்டு மற்றவற்றை அப்படியே அடுக்குவதும் பிழை. எல்லாப் பிளேட்டையும் வளைக்கவேண்டும். குட்டையான பிளேட்டுக்குக் கொஞ்சம் கூடிய வளைவு வேண்டும். நடு போல்ட்டை இறுக்கும்போது அவை ஒன்றையொன்று கவ்விப் பிடிக்கவேண்டும். வெடிப்புள்ள பிளேட்டை வளைக்கவே வேண்டாம். அதற்கு வெல்டிங்கும் வேண்டாம். குப்பைக்குப் போகட்டும்.

வளைத்து அடுக்கிய பிறகு ஒரு வேலை இருக்கிறது. அதை நம் ஊரில் கிட்டத்தட்ட யாருமே செய்வதில்லை. ஸ்பிரிங்கை இயந்திரத்தில் வைத்து, கார் கொடுக்கும் பாரத்தைவிடக் கூடிய பாரத்தில் தட்டையாகும்வரை அமுக்கி விடுங்கள். முதல் அமுக்கலில் வளைவு கொஞ்சம் குறையும். இரண்டாவதில் இன்னும் கொஞ்சம். குறையாமல் நிற்கும்வரை அமுக்குங்கள். தொழிற்சாலைகளில் புது ஸ்பிரிங்குக்கே இதைச் செய்துதான் அனுப்பினார்கள். செய்யாமல் கொடுத்தால் அதே குறைவு ரோட்டில் நடக்கும். மூன்று மாதத்தில் வாடிக்கையாளர் திரும்பி வந்து உங்களைத்தான் குறை சொல்வார். கடைசியில் இடது, வலது இரண்டையும் ஒரே பாரத்தில் வைத்து உயரத்தை ஒப்பிடுங்கள். எப்போதும் சோடியாகவே வேலை செய்யுங்கள். ஒன்றை மட்டும் திருத்திய கார் சாய்ந்தே தீரும்.

பூட்டுகிற வேலையில் கராஜ் பிள்ளைகள் விடும் பிழை ஒன்று இருக்கிறது. கார் ஜக்கில் தொங்கும்போதே எல்லா போல்ட்டையும் முறுக்கி இறுக்கிவிடுகிறார்கள். ஸ்பிரிங்கின் முன்முனையில் உள்ள புஷ், உள்குழாய்க்கும் வெளிக்குழாய்க்கும் நடுவில் ஒட்டிய ரப்பர். சில்லுத் தொங்கும் நிலையில் இறுக்கினால் கார் நிலத்தில் இறங்கும்போது அந்த ரப்பர் முறுகியபடியே நிற்கும். கொஞ்ச நாள் காரை அரை அங்குலம் தூக்கி வைத்து உங்களை ஏமாற்றும், பிறகு கிழியும். போல்ட்டுகளைக் கையால் பூட்டுங்கள். காரை இறக்குங்கள். இரண்டு பேரை ஏற்றி அமுக்கி உருட்டி, பாரம் சில்லில் இருக்கும்போது இறுக்குங்கள். கந்தளாய் வரை ஓடித் திரும்பிய பிறகு யூ போல்ட்டுகளை இன்னொரு தரம் இறுக்குங்கள்.

உயிர் சம்பந்தப்பட்ட விடயம் ஒன்று. நம் மண் மணல். ஜக்கும் ஸ்ராண்டும் மணலில் சரியும். தடித்த பலகை போடாமல் யாரும் காரின் அடியில் போகவேண்டாம். ஜக் மட்டும் தாங்கும் காரின் அடியில் கை கூட நீட்டவேண்டாம். விறைத்த ஸ்பிரிங்கின் யூ போல்ட்டைக் கழற்றும்போது அக்ஸிலுக்குத் தனி ஜக் கொடுத்து மெதுவாக இறக்குங்கள்; பிறேக் குழாய் இழுபடாமல் பாருங்கள்.

இவ்வளவு கரைச்சல் எதற்கு, பார்க்க வடிவாக இருந்தால் போதாதா என்று கேட்பவர்களும் உங்களில் இருக்கிறீர்கள். இரவில் கந்தளாய்ப் பக்கம், ஹபரணைப் பக்கம் ஓடுபவர்களைக் கேளுங்கள். பின்பக்கம் குந்தினால் முன் விளக்கு வானத்தைப் பார்க்கும். எதிரே வருபவரின் கண் கூசும். உங்களுக்கோ ரோட்டில் நிற்கும் யானை தெரியவேண்டிய தூரத்தில் தெரியாது.

ஸ்பிரிங் வளைத்துத் திருத்த முடியாத அளவுக்கு மெலிந்திருந்தால் புதிது எடுக்கவேண்டும். அப்போது உங்கள் காரை முதலில் சரியாக அறியுங்கள். எம்ஜிபி 1962 முதல் 1980 வரை அபிங்டன் தொழிற்சாலையில் ஐந்து இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது. எல்லாவற்றுக்கும் ஒரே ஸ்பிரிங் அல்ல. கூரையுள்ள ஜிடி பின்னால் பாரமானது, அதன் ஸ்பிரிங் வேறு. 1974 கடைசியில் கறுப்பு ரப்பர் பம்பர் வந்தபோது அமெரிக்கச் சட்டத்துக்காகக் காரையே உயர்த்தினார்கள். அந்தக் கார்களின் ஸ்பிரிங்கைக் குரோமியம் பம்பர் காருக்குப் போட்டால் நான் தொடக்கத்தில் சொன்ன மூக்குக் குத்தல் வரும். சரியான ஸ்பிரிங்கே என்றாலும் முதல் சில நூறு மைல் வரை கொஞ்சம் உயரமாக நின்று, பிறகு அமரும். பூட்டின அன்றே தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

புதிது எடுப்பது மலிவல்ல என்று எனக்கும் தெரியும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றதிலிருந்து 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கு மறுபடி வழி திறக்கும்வரை, உங்களில் பலர் பழைய கார்களின் பக்கம் வந்தீர்கள். அதற்கு முன்னமும் நம் நாடு அப்படித்தான் பழைய கார்களை உயிரோடு வைத்திருந்தது. 1977க்கு முந்தைய இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் ஒரு மொரிஸ் மைனரை அப்பாவும் மகனும் மாறி மாறி ஓடினார்கள். 1990களில் பெற்றோல் இல்லாத யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின் ஏ40களும் மொரிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடின. கொஞ்சப் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விசிறித்தான் அவற்றை உயிர்ப்பிப்பார்கள். அதே காலத்தில் இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயார், அந்தக் காரின் தகட்டுப் பாகங்களை இலங்கைக் கைகளால் செய்விக்க வந்தார். நம் கைத்தொழில் அங்கே போகத் தகுந்தது. அப்படிப்பட்ட நாட்டில் ஒரு பிளேட் ஸ்பிரிங்கை முறையாக வளைக்க முடியவில்லை என்றால் நான் ஏற்கமாட்டேன்.

ஆகவே மூன்று தரப்பாரிடமும் ஒவ்வொன்று கேட்கிறேன். கார் வைத்திருப்பவர்களே, மெக்கானிக்கிடம் "உயர்த்தித் தாங்கோ" என்று சொல்வதை நிறுத்துங்கள். "அளந்து சொல்லுங்கோ" என்று கேளுங்கள், அளந்த நேரத்துக்கும் காசு கொடுங்கள். கராஜ் பிள்ளைகளே, தூக்குகிற ஒவ்வொரு காரின் நாலு மூலை அளவையும், பிளேட்டின் தடிப்பையும், எத்தனை பிளேட் என்பதையும் கொப்பியில் எழுதி வையுங்கள். எங்களிடம் தொழிற்சாலைக் கைநூல் இல்லாத கார்கள் இருக்கின்றன. பத்துக் காரின் அளவு சேர்ந்தால் அது நம் கைநூல். பட்டறைக்காரரே, வெட்டிச் செருகும் லொறிப் பிளேட்டைக் கேட்டு வருபவரைத் திருப்பி அனுப்புங்கள். அன்றைய கூலி போகும். அந்தக் கார் வளைவில் புரண்டால் போகிறது வேறு.

புது ஸ்பிரிங் வேண்டியவர்கள் தனித்தனியே கப்பல் கூலி கட்டவேண்டாம். எம்ஜிபி குரோமியம் பம்பர், ரப்பர் பம்பர், ஜிடி, மிட்ஜெட் என்று பிரித்து, பெயரும் கார் ஆண்டும் எழுதித் தந்தால் எல்லாருக்குமாக ஒரே பெட்டியில் எடுப்பிக்கலாம். மாரி தொடங்குமுன் பட்டியல் முடியவேண்டும். ஸ்பிட்ஃபயர்க்காரர் தங்கள் பதிப்பு எது என்றும் எழுதவும். தெரியாவிட்டால் ஸ்பிரிங் இறுக்கியிருக்கும் இடத்தை மேலிருந்து படமெடுத்துக் கொண்டுவாருங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

சனிக்கிழமைகளில் பின்னேரம் பட்டறை உங்களுக்குத் திறந்திருக்கும். மட்டக்குழாயும் அமுக்கு இயந்திரமும் இருக்கின்றன. வரும்போது டிக்கியை வெறுமையாக்கி, தாங்கியை அரைவாசியில் வைத்து, ரயருக்குக் காற்றடித்துக்கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
பாலையூற்று ஸ்பிரிங் பட்டறைக்காரன்